எந்தச் சிலந்திக்கு அஞ்ச வேண்டும்? வீட்டிலேயே கண்டறியும் வழி

சுவரில் சிலந்தியைக் கண்டதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு விஷம் உண்டா?" என்பதுதான். உண்டு. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் உண்டு. உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். யூலோபோரிடே குடும்பத்தைப் போன்ற மிகச் சில விதிவிலக்குகள் போக, மற்றவை எல்லாம் நஞ்சைச் சுமந்தே திரிகின்றன. ஆனால் அந்த நஞ்சு ஈயையும் கொசுவையும் கரப்பானையும் மடக்குவதற்காக அமைந்தது. மனிதத் தோலைத் துளைக்கும் பல்லும், மனித உடலுக்குள் சென்று கேடு விளைவிக்கும் நஞ்சும் ஒருசேர வாய்த்த சிலந்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது அந்தச் சிலவற்றுள் ஒன்றா?" இதற்கு விடை காண விலங்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியதை உரிய வரிசையில் பார்த்தால் போதும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்: எடுத்த எடுப்பிலேயே நிறத்தைப் பார்த்துவிடுகிறார்கள். கறுப்பு என்றால் கொடியது, சிவப்புப் புள்ளி இருந்தால் இன்னும் கொடியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. எந்த நாட்டில், வீட்டின் எந்த மூலையில், எப்படிப்பட்ட வலையில் என்ற மூன்றும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உடலும் கண்ணும் நிறமும் அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: நல்ல டார்ச், கேமரா உள்ள கைபேசி, வாய் அகன்ற கண்ணாடிக் குவளை, கெட்டியான அட்டை. சிலந்தியைத் தொட வேண்டிய தேவை எந்தக் கட்டத்திலும் வராது.

முதலில் அது சிலந்திதானா என்று பாருங்கள். சிலந்தியின் உடல் இரண்டு பகுதிகளாக இருக்கும். கால்களும் கண்களும் உள்ள முன்பகுதி தலைமார்பு, பின்பகுதி வயிறு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடுப்பு. கால்கள் எட்டு. பூச்சிகளுக்கு இருப்பது போன்ற உணர்கொம்புகள் கிடையாது. முகத்துக்கு இருபுறமும் குட்டிக் கால்கள்போல் நீண்டிருப்பவை வேறு உறுப்புகள். அவற்றின் முனை உருண்டு பருத்திருந்தால் அது முதிர்ந்த ஆண். இடுப்பே இல்லாமல் உடல் ஒரே உருண்டையாக இருந்து, நூல்போன்ற கால்களில் தள்ளாடி நடந்தால், அது சிலந்தியின் தூரத்து உறவான வேறோர் உயிரி. அதற்கு நஞ்சும் இல்லை, பட்டு நூலும் இல்லை. ஒட்டகச் சிலந்தி என்று பெயர் பெற்றதும் சிலந்தி அல்ல. அது பலமாகக் கடிக்கும், ஆனால் நஞ்சு கிடையாது.

அடுத்து, படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகத்துக்கு நேராக ஒன்று. வலையும் தெரியும்படி தள்ளி நின்று இன்னொன்று. அளவைக் குறித்துக்கொள்ளும்போது கால்களைச் சேர்க்காமல் உடல் நீளத்தை மட்டும் சொல்லப் பழகுங்கள். நூல்களில் இருக்கும் அளவு உடல் நீளம். பயத்தில் நாம் சொல்லும் அளவு கால் விரிப்பு. அடையாளம் கேட்டு வருபவர்களின் "கையளவு சிலந்தி" பல நேரங்களில் இரண்டு செ.மீ. உடலுள்ளதாக முடிவதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

முதல் படி: நீங்கள் இருக்கும் இடம்

மனிதருக்குக் கேடு செய்யக்கூடிய சிலந்திகள் உலகெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் சிறு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத சிலந்தியை உங்கள் வீட்டில் தேடுவது வீண்.

லாட்ரோடெக்டஸ் பேரினத்தைச் சேர்ந்த விதவைச் சிலந்திகள்தான் மிகப் பரவலானவை. கறுப்பு விதவை வட அமெரிக்காவில் வாழ்கிறது. ரெட்பேக் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. முதுகில் பதின்மூன்று புள்ளிகள் கொண்டது மத்தியதரைக் கடல் நாடுகளில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தப் பேரினத்துக்கு உறுப்பினர்கள் உண்டு. பழுப்பு விதவையோ வெப்ப நாடுகள் பலவற்றில் குடியேறிவிட்டது. லாக்ஸோசெலிஸ் என்னும் வயலின் சிலந்திகளின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, மத்தியதரைப் பகுதி. ஃபனல்வெப் (புனல் வலை) சிலந்திகள் கிழக்கு, தெற்கு ஆஸ்திரேலியாவில். அலையும் சிலந்தி எனப்படும் ஃபோனூட்ரியா தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவின் சில பகுதிகளிலும். இந்தியாவிலும் இலங்கையிலும் விதவைச் சிலந்திகளோடு மரத்தில் வாழும் பொசிலோதேரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் மயிர் கொண்ட பெரிய சிலந்தி அது; கடித்தால் கடும் தசைப்பிடிப்பு வரும், சில நாட்கள் நீடிக்கவும் கூடும். மரப்பொந்துதான் அதன் வீடு. மழைக்காலத்தில் எப்போதாவது கூரைக்கோ கதவிடுக்குக்கோ வந்துவிடும்.

சரக்கோடு சேர்ந்து சிலந்திகளும் பயணம் செய்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 1995-ல் ஜப்பானின் ஒசாகாவில் ரெட்பேக் சிலந்தி இருப்பது தெரியவந்தது. தென் அமெரிக்க வயலின் சிலந்தி ஒன்று ஹெல்சிங்கியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவருகிறது. வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அதற்காக வீட்டுச் சுவரில் ஓடும் ஒவ்வொன்றையும் அயல்நாட்டு விருந்தாளியாக எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: இருந்த இடமும் வலையும்

என்னைக் கேட்டால், அடையாளம் காண்பதில் மிகுந்த பயன் தருவது இந்தப் படிதான். சிலந்தி ஓடி ஒளிந்துகொள்ளும். வலை அங்கேயே இருக்கும்.

சக்கரம்போல் ஆரங்களும் வட்டங்களுமாக ஒழுங்காகக் கட்டிய வலை என்றால் கவலையை விட்டுவிடலாம். மரங்களுக்கிடையே பொன்னிற நூலில் பெரிய வலை கட்டி நடுவில் அமர்ந்திருக்கும் சிலந்தி எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் மனிதருக்கு ஆபத்தில்லாதது. கூரை மூலையில் தொளதொளவென்று தொங்கும் ஒட்டடை பெரும்பாலும் நீண்ட, மெல்லிய கால்களுடைய வீட்டுச் சிலந்தியின் வேலை. அதை விரலால் தொடப் போனால் உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டிக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியவைக்கும். அதன் தற்காப்பு அவ்வளவுதான்.

வலையே இல்லாமல் சுவரில் திறந்தவெளியில் ஓடினால் இரண்டு வாய்ப்புகள் அதிகம். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, தட்டையாகச் சுவரோடு ஒட்டியிருந்தால் வேட்டைக்காரச் சிலந்தி. சிறியதாக இருந்து, உங்களைத் திரும்பிப் பார்த்து, திடீரென்று தாவினால் குதிக்கும் சிலந்தி. இரண்டும் வீட்டுப் பூச்சிகளைத் தின்று தீர்ப்பவை.

கவனம் தேவைப்படுவது வேறு வலை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், நாற்காலியின் அடியில், பூந்தொட்டி விளிம்பின் கீழ், தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள், குவித்த செங்கல்லின் இடுக்கில், எந்த ஒழுங்கும் இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த வலை. அதை நீண்ட குச்சியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒட்டடை சத்தமின்றிக் குச்சியில் சுருண்டுகொள்ளும். விதவைச் சிலந்தியின் இழையோ விறைப்பாக நின்று, நீண்டு, மெல்லிய சடசடப்போடு அறுபடும். அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. இழைகளில் சில நேராகத் தரைக்கு இறங்கி, பசைத் துளிகளோடு ஒட்டப்பட்டிருக்கும். எறும்போ வண்டோ மோதினால் இழை தரையிலிருந்து விடுபட்டு இரையை மேலே தூக்கிவிடும். கீழே உலர்ந்த வண்டு ஓடுகள் சிதறிக் கிடந்தால் அந்த இடத்தில் கைவைக்காதீர்கள்.

அலமாரியின் பின்புறம், நாள்பட்ட அட்டைப் பெட்டி, அடுக்கிவைத்த காகிதம் இவற்றுக்குள் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோன்ற, இரை பிடிக்கவே பயன்படாத வலையும் கவனிக்க வேண்டியது. வயலின் சிலந்தியின் உறைவிடம் அப்படி இருக்கும்.

புனல் வடிவ வலை என்றதும் ஆஸ்திரேலியச் சிலந்தியை நினைத்து நடுங்குபவர்கள் உண்டு. புல்வெளியிலும் செடியிலும் விரிப்புபோல் பரவி, ஒரு மூலையில் குழாயாகச் சுருங்கும் வலையை உலகின் பல பகுதிகளில் காணலாம். அதைக் கட்டுபவை தீங்கற்ற வேறு குடும்பத்துச் சிலந்திகள். உண்மையான ஃபனல்வெப் மண்ணுக்குள் வளை தோண்டி, பட்டால் உள்பூச்சு கொடுத்து, வாயிலிலிருந்து நாலா பக்கமும் இழைகளை ஓடவிட்டிருக்கும்.

மூன்றாம் படி: உடலும் கண்களும்

இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வயிற்றின் வடிவம்: உருண்டையா, நீள்முட்டையா, தட்டையா? பிறகு கால்கள்: ஒரே நிறமா, வளையம் வளையமாகப் பட்டை உண்டா, முட்கள் தெரிகின்றனவா? பிறகு கண்கள்.

கண்களைப் பார்ப்பதில் பலருக்குத் தயக்கம். அவ்வளவு சிறியதை எப்படிப் பார்ப்பது என்கிறார்கள். சிலந்தியைக் குவளைக்குள் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். குதிக்கும் சிலந்திக்கு முகத்தின் நடுவில் இரண்டு மட்டும் மிகப் பெரியவை. ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே நான்கு சிறியவை, மேலே நான்கு பெரியவை; இரவில் டார்ச் அடித்தால் தரையில் மின்னும். ஆறு கண்கள் மட்டும் இரண்டிரண்டாக மூன்று இடங்களில் இருந்தால், நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வயலின் சிலந்தியின் முதல் அடையாளம் அதுவே.

விதவைச் சிலந்தி

பெண் சிலந்திதான் கேடு செய்வது. உடல் நீளம் ஒரு செ.மீ. அளவில் இருக்கும், வயிறு பளபளத்து, பட்டாணிபோல் உருண்டிருக்கும். ஆண் மிகச் சிறியது. அதனால் மனிதருக்கு ஆபத்தில்லை. பெண் தன் வலையில் எப்போதும் தலைகீழாகவே தொங்கும். எனவே வயிற்றின் அடிப்புறம் மேல்நோக்கி இருக்கும். அங்கேதான் மணற்கடிகார வடிவக் குறி: கறுப்பு விதவையில் சிவப்பு, பழுப்பு விதவையில் ஆரஞ்சு. ரெட்பேக் சிலந்திக்கு முதுகிலும் சிவப்புப் பட்டை ஓடும்.

இந்தக் குறியை மட்டும் நம்பி இறங்குவதில் இரண்டு சிக்கல்கள். இளஞ்சிலந்திகளில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கோடுகள் கலந்திருப்பதால் குறி தெளிவாகத் தெரியாது. பழுப்பு விதவையோ கால்களில் பட்டைகளும் முதுகில் திட்டுகளுமாக, சாதாரண வீட்டுச் சிலந்தி என்றே எண்ணவைக்கும். பழுப்பு விதவையைக் காட்டிக்கொடுப்பது அதன் முட்டைப் பை. மற்ற விதவைச் சிலந்திகளின் பை வழவழப்பான உருண்டை. இதன் பையிலோ மேற்பரப்பு முழுவதும் பட்டினால் ஆன கூரிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, கால்கள் சேரும் மூலையில் மங்கிய வெண்மையில் முள்முள்ளாக ஓர் உருண்டை ஒட்டியிருந்தால், சிலந்தி கண்ணில் படாவிட்டாலும் அடையாளம் உறுதி. வேறெந்த வீட்டுச் சிலந்திக்கும் அப்படிப்பட்ட பையை நான் அறிந்ததில்லை.

விதவைச் சிலந்தியின் நஞ்சில் உள்ள ஆல்ஃபா-லாட்ரோடாக்ஸின் என்ற புரதம் நரம்பு முனைகளைத் தாக்கி, அவற்றில் சேமித்துவைத்த வேதிப்பொருட்களை ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. கடித்த கணத்தில் ஊசி குத்தியதுபோலத்தான் இருக்கும். சிலருக்கு அதுவும் தெரியாது. பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும், வலி ஏறத் தொடங்கும். கடித்த காலிலிருந்து தொடைக்கும் வயிற்றுக்கும் முதுகுக்கும் பரவும். கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வியர்ப்பது இதன் தனி அடையாளம். வயிறு பலகைபோல் இறுகும். இரத்த அழுத்தம் கூடும். வேதனை கடுமையானது; சிலருக்கு நாட்கணக்கில் நீடிக்கும். ஆனால் உயிரிழப்பு மிக மிக அரிது. ஆஸ்திரேலியாவில் ரெட்பேக் கடிக்கான விஷமுறிவு மருந்து 1956-லேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பழுப்பு விதவையின் கடி பெரும்பாலும் உள்ளூர் வலியோடு நின்றுவிடுகிறது.

சாதுவான பிராணி இது என்றும் சொல்ல வேண்டும். வலையைத் தொட்டால் பெரும்பாலும் உள்ளே ஓடும், இல்லாவிட்டால் கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். கையுறைக்குள், காலணிக்குள், வெளிக் கழிப்பறை இருக்கையின் அடியில் நம் தோலுக்கும் சுவருக்கும் இடையில் அது நசுங்கும்போதுதான் கடிக்கிறது.

வயலின் சிலந்தி

அமெரிக்காவில் பிரவுன் ரெக்லூஸ் என்று அறியப்படுவது இந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. தலைமார்பின் மேல் வயலின் வடிவில் கருமையான குறி. வயலினின் கழுத்து வயிற்றை நோக்கி நீண்டிருக்கும். இந்தக் குறியை வைத்துத் தவறாகக் கொல்லப்பட்ட அப்பாவிச் சிலந்திகளுக்குக் கணக்கில்லை. பல வீட்டுச் சிலந்திகளின் முதுகில் ஏதோ ஒரு கருங்கோடு இருக்கத்தான் செய்யும். தேடும் மனம் அதில் வயலினைக் கண்டுவிடும்.

எனவே நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கண்கள் ஆறு, மூன்று ஜோடிகளாக. கால்கள் ஒரே நிறம். பட்டையோ தடித்த முட்களோ இல்லை. வயிறு ஒரே நிறம். புள்ளியோ கோடோ இல்லை, மெல்லிய மயிர் மட்டும். உடல் நீளம் ஏறக்குறைய ஒரு செ.மீ.தான். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது வயலின் சிலந்தி அல்ல. கால்களில் பட்டை தெரிந்தாலே ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம்.

ஒரே ஒரு சிலந்தியிடம் மட்டும் ஏமாற வாய்ப்புண்டு. எச்சில் துப்பும் சிலந்திக்கும் இதேபோல் மூன்று ஜோடிக் கண்கள். வெப்ப நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது அது. ஆனால் அதன் தலைமார்பு பின்பக்கம் கூம்பி உயர்ந்து, வயிற்றளவுக்கே பெரிதாக இருக்கும். உடலிலும் கால்களிலும் கரும்புள்ளிகள் இருக்கும். நடையும் மெதுவானது, இரை மீது பசையைத் துப்பி ஒட்டவைத்துப் பிடிக்கும். பக்கவாட்டுப் படம் ஒன்று போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

வயலின் சிலந்தியின் நஞ்சில் உள்ள ஸ்பிங்கோமைலினேஸ் டி என்ற நொதி தோல் திசுவைச் சிதைக்கிறது. கடித்த நேரத்தில் வலி தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து எரிச்சலும் வலியும் வரும். நடுவில் நீலம் பாய்ந்து, சுற்றி வெளிறி, அதற்கு வெளியே சிவந்திருக்கும். நடுப்பகுதி மேலெழாமல் உள்வாங்கும். கணிசமான கடிகள் பெரிய சிகிச்சை ஏதுமின்றி ஆறிவிடுகின்றன. சிலருக்கு நடுத்தோல் கருகி விழுந்து, புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது அரிது. ஆனால் குழந்தைகளிடம் அதைக் கண்காணிக்க வேண்டும். காய்ச்சலோ உடல் வெளிறுவதோ சிறுநீர் நிறம் மாறுவதோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

இத்தனையும் படித்துப் பயந்தவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் 2001-ல் ஆறு மாதங்களில் 2,055 வயலின் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் வாழ்ந்துவந்தது. ஒருவரைக்கூட ஒன்றும் கடித்திருக்கவில்லை.

ஃபனல்வெப், ஃபோனூட்ரியா

ஆஸ்திரேலியாவில் வாழாதவர்கள் ஃபனல்வெப் பற்றி அறிந்துகொள்வது ஆர்வத்துக்காக மட்டுமே. சிட்னியைச் சுற்றி வாழ்பவர்களுக்கோ அது அன்றாடத் தேவை. கறுத்து, மயிரின்றிப் பளபளக்கும் தலைமார்பு. நேராகக் கீழ்நோக்கி இறங்கும் பெரிய நச்சுப் பற்கள். சீண்டினால் முன்கால்களை உயர்த்தி நிற்கும் தோற்றம். பிற சிலந்திகளுக்கு மாறாக, சிட்னி ஃபனல்வெப்பில் ஆணின் நஞ்சே அதிகக் கொடியது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் துணை தேடி வளையை விட்டு வெளியேறுவதும் ஆண்தான். ஈரமான இரவில் அலைந்து, காலையில் காலணிக்குள்ளோ தரையில் கிடக்கும் துணிக்குள்ளோ ஒதுங்கும். நீச்சல் குளத்தில் விழுந்து அடியில் அசையாமல் கிடப்பதைச் செத்துவிட்டது என்று எண்ணி எடுக்காதீர்கள். தண்ணீருக்குள் பல மணி நேரம் தாங்கும். கடித்தால் அரை மணி நேரத்துக்குள்ளேயே உதடு மரத்து, தசை துடித்து, எச்சிலும் வியர்வையும் பெருகலாம். ஆனால் 1981-ல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு, உறுதிசெய்யப்பட்ட உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை.

ஃபோனூட்ரியா வாழைத்தார்களோடு பயணம் செய்வதாகப் புகழ்பெற்றது. உண்மையில் வாழைத்தாரில் அகப்படும் பெரிய சிலந்திகளில் பல, வேட்டைக்காரச் சிலந்தியும் தீங்கற்ற பிறவுமே. நேரில் காண நேர்ந்தால் அதன் நிலையே அறிவித்துவிடும்: முன்னிரண்டு ஜோடிக் கால்களையும் உயரத் தூக்கி, உடலைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டும். அப்போது பின்வாங்குங்கள்.

வீண்பழி சுமப்பவை

நீண்ட கால் வீட்டுச் சிலந்திக்குத்தான் உலகிலேயே கொடிய நஞ்சு, பற்கள் குட்டையாக இருப்பதால்தான் நாம் பிழைத்தோம் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விதவைச் சிலந்தியையே பிடித்துத் தின்னக்கூடியது அது. வீட்டில் இருப்பது நல்லதே. ஆஸ்திரேலியாவின் வெண்வால் சிலந்தி தோலை அழுகவைப்பதாகப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. சிலந்தியைக் கையோடு பிடித்து உறுதிசெய்த 130 கடிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அவற்றில் ஒன்றில்கூட அழுகல் புண் இல்லை. பொய் விதவை எனப்படும் ஸ்டியாடோடாவுக்கும் உருண்ட, பளபளப்பான வயிறு உண்டு. அடியில் மணற்கடிகாரக் குறி இருக்காது. கடித்தால் வலிக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

காலையில் எழுந்ததும் கழுத்திலோ கையிலோ கோடுபோல் நீண்ட கொப்புளம் இருந்தால், இரவில் சிலந்தி மேலே ஊர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். சிலந்தி ஊர்வதால் கொப்புளம் வராது. பெடரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்கும்போது அதன் உடல்நீர் பட்டுப் பெரும்பாலும் இப்படி ஆகும். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும் ஒல்லியான வண்டு அது; விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும்.

கடித்துவிட்டால்

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: புண்ணைப் பார்த்துச் சிலந்தியைக் கண்டுபிடிக்க முடியாது. சிலந்தி கடிப்பதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது நசுங்கிய சிலந்தி அங்கேயே கிடைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் "சிலந்திக்கடி" என்று மருத்துவமனைக்குப் போகும் புண்களில் கணிசமானவை பாக்டீரியாத் தொற்று. தொற்றுக்கு உரிய சிகிச்சை தாமதமாவதுதான் இதில் பெரிய ஆபத்து. வரிசையாகப் பல தடிப்புகள் இருந்தால் மூட்டைப்பூச்சியையோ தெள்ளுப்பூச்சியையோ தேடுங்கள். சிலந்தி பொதுவாக ஒருமுறை கடித்துவிட்டு ஓடும். சீழ் வைத்து, மேலெழுந்து, நடுவில் சிவந்திருக்கும் புண்ணும் வயலின் சிலந்தியின் கடிபோல் இல்லை.

கடித்தது உறுதியானால், கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வையுங்கள். மோதிரம், வளையல், இறுக்கமான துணியைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வரலாம். சிலந்தியைப் படமெடுங்கள், அல்லது நசுங்கியிருந்தாலும் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து பக்கத்தில் மணியை எழுதினால், பரவுகிறதா என்று மருத்துவருக்கு உடனே தெரியும். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, சுடுவது எதுவும் வேண்டாம்.

கட்டுப் போடுவதில் மட்டும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. ஃபனல்வெப் கடித்திருந்தால் கை அல்லது கால் முழுவதையும் அகன்ற மீள்தன்மைக் கட்டுத்துணியால் இறுகச் சுற்றி, அசையாமல் வைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். விதவைச் சிலந்திக்கு அப்படிக் கட்டக் கூடாது. அதன் நஞ்சு மெதுவாகவே செயல்படும், கட்டு வலியைத்தான் கூட்டும். மூச்சுத் திணறல், முகத்தில் வீக்கம், பரவும் தசைப்பிடிப்பு, நிற்காத வாந்தி, தளர்ச்சி இவற்றில் எதைக் கண்டாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், இதய நோயாளிகள் விஷயத்தில் அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருந்து தெளிப்பதில் பெரிய பயன் இல்லை. இடுக்குக்குள் இருக்கும் சிலந்தி மேல் அது படாது. வயலின் சிலந்தியோ மருந்தில் செத்து விழுந்த பூச்சிகளையும் தின்னக்கூடியது. உணவே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கக்கூடியதும்கூட. இடத்தை மாற்றுவதுதான் பலன் தருகிறது. விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். அட்டைப் பெட்டிகளுக்குப் பதிலாக மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, போர்வை தரையில் புரளாமல் பாருங்கள். கதவடி இடைவெளியை அடையுங்கள். வெளிவிளக்கைத் தேவையற்ற நேரத்தில் அணையுங்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். நாள்பட எடுக்காத காலணி, கையுறை, தோட்டத்து உடைகளை உதறாமல் அணியாதீர்கள். வயலின் சிலந்தி வாழும் பகுதியில் சுவரோரமாகப் பசை அட்டைகள் வைத்தால், எத்தனை, எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

ஆபத்தில்லாத சிலந்தியை வெளியேற்ற, குவளையை மெல்லக் கவிழ்த்து, அட்டையைச் சுவருக்கும் குவளைக்கும் இடையே செலுத்தி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். வேட்டைக்காரச் சிலந்திக்கு அகன்ற டப்பா வேண்டும். கால் விளிம்பில் சிக்கினால் முறிந்துவிடும் என்பதால் அவசரப்படாமல் இறக்குங்கள். வயிற்றுக்கடியில் வட்டமான தட்டைப் பையைச் சுமந்திருந்தால் அது முட்டைப் பை. அதையும் சேர்த்தே வெளியே விட்டுவிடலாம்.

விதவைச் சிலந்தியை மட்டும் வீட்டோரத்தில் விட்டுவைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாகக் குழந்தைகள் விளையாடும் இடத்தில். தடித்த கையுறையும் மூடிய காலணியும் அணிந்து, நீண்ட குச்சியால் வலையைச் சுருட்டி எடுத்து, சிலந்தியைக் காலணியால் மிதித்துவிடுங்கள். முட்டைப் பைகளைத் தனியாகத் தேடி எடுங்கள். ஒரு பையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கக்கூடும். கையால் பிய்க்காமல் குச்சியால் சுரண்டி, பாலித்தீன் உறைக்குள் போட்டு நசுக்கி, வாயைக் கட்டிக் குப்பையில் சேருங்கள். இரண்டு வாரம் கழித்து இரவில் டார்ச்சோடு அதே இடத்தைக் குனிந்து பாருங்கள். தரைக்கு இறங்கும் புதிய இழைகள் தெரிந்தால், இன்னொரு பெண் சிலந்தி அங்கே குடியேறியிருக்கிறது; வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.